கோதண்டராமன் தேடிய ஆறாவது டாங்கி

1974-இல் ரயில்வேயின் ஆறு தண்ணீர் டாங்கிகள் ஏலம் போயின. ரசீதுகளில் கையெழுத்திட்டவர் லோகோ ஷெட் ஸ்டோர் போர்மேன் கோதண்டராமன். ஒன்பது ஆண்டு கழித்து, அவற்றில் ஒன்றையாவது பத்து நாளில் மீட்டு வரும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

நீராவி இன்ஜினுக்குப் பின்னால் கூடுதல் தண்ணீர் சுமந்து ஓடியவை அவை. 1983 கோடையில் வழியிலிருந்த ஸ்டேஷன் கிணறுகள் வற்றிவிட்டன. டாங்கி இல்லையென்றால் காலை பாசஞ்சர் ரத்து.

"நீங்க வித்தது, நீங்களே தேடுங்க" என்று சிரித்தார் மேலதிகாரி.

படப்பை ஊர்க்காரரான கோதண்டராமன் சைக்கிளை எடுத்தார். மூன்று டாங்கிகள் இரும்புக் கடைக்குப் போய்த் துண்டாகியிருந்தன. ஒன்று இருங்காட்டுக்கோட்டையில் பாதியாக அறுபட்டு சைக்கிள் கடைக்குக் கூரையாகியிருந்தது. துருப்பிடித்து ஓட்டையான இன்னொன்றில் கோழிகள் அடைகாத்தன. அதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது.

ஆறாவதை வாங்கியவர் பென்னலூரில் மாடு வைத்துப் பால் ஊற்றும் பாப்பம்மாள். 'ரயில்காரன் டாங்கியைப் புடுங்க வரான்' என்ற சேதி கோதண்டராமனுக்கு முன்பே அங்கே போயிருந்தது.

"டாங்கியா? இன்னா சார் நீ, வைக்கப்போருதான் கீது, பாத்துக்கோ."

கோதண்டராமன் பார்த்தார். போரின் அடியில் தரை ஈரமாக இருந்தது. வைக்கோலைத் தின்ன வேண்டிய எருமை அந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"வைக்கப்போருக்கு எதுக்கும்மா குழா வச்சிருக்கீங்க?"

பாப்பம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஏலத்துல வாங்கின ரசீது சீட்ட கரையான் தின்னுடுச்சு சார். திருட்டு மாலுன்னு போலீசுல குடுத்துட்டா?"

"சீட்டு குடுத்தவனே நாந்தாம்மா. இது உங்குளுதுதான். கேட்டு வாங்கத்தான் வந்தேன்."

அந்தம்மாளுக்குத் தைரியம் வந்தது, குரலும் உயர்ந்தது. "பதினோரு மாடு எதுல குடிக்கும்? வேற தொட்டி கட்டிக் குடு. அதுல எம்மாடு வாய வெச்சாத்தான் இது நகரும்."

ஷெட் ஆட்கள் ஐந்து பேர் வார ஓய்வு நாளில் வந்தார்கள். கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் உறைகளை அடுக்கி, பூசி, மூன்றாம் நாள் தண்ணீர் நிரப்பினார்கள். கெடு முடிய ஒரே நாள்தான் மீதி. மாடுகள் வந்து மோந்து பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்டன. சிமெண்ட் வாடை.

"பாத்தியா, எம்மாடு ஏமாறாது!" என்றார் பாப்பம்மாள்.

கோதண்டராமனும் மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். "யம்மா, கழுநீர் இருந்தா ஊத்துங்க!" ஒன்பது வீட்டு அரிசி கழுவிய தண்ணீர் தொட்டியில் கலந்தது. முதலில் எருமை கழுத்தை நீட்டியது. பிறகு இடம் பிடிக்க மற்றவை முட்டி மோதின.

"சரி, தூக்கினு போ. பாத்து, என் வேலி மேல இடிக்காத."

மறுநாள் லாரியில் ஏறிய டாங்கியை ஷெட்டில் ஒரு காலி வேகன் அடிச்சட்டத்தில் பொருத்தினார்கள். அதற்கடுத்த நாள் ஆறு பத்துக்கு காலை பாசஞ்சர் அதை இழுத்துக்கொண்டு புறப்பட்டது.