பங்குனியில் வெட்டிய ரோஜா

ஐப்பசி பிறந்ததும் விழுப்புரம் வீட்டு மாடியில் ரோஜாவைக் கவாத்து செய்து, வெட்டிய நுனிகளில் சாணம் அப்பினேன். அந்த வாசனையில் திண்டிவனத்து வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது.

எட்டு வயதில், பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் எனக்கு மொட்டை போட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அம்மா கத்தரியோடு போய், கிணற்றடியில் பூத்துக் குலுங்கிய ரோஜாவை ஒட்ட வெட்டினாள். என் தலையில் சந்தனம் பூசியதைப் போலவே நுனிகளில் சாணம் பூசினாள்.

"அழுதுகினு இருக்காதடி. இதுக்கும் மொட்டை போட்டுட்டேன். யாரு மொதல்ல துளிர்க்கறீங்கன்னு பாக்கலாம்."

சிரித்துவிட்டேன். பள்ளிக்கூடமும் போனேன்.

செடி துளிர்க்கவே இல்லை. அம்மா என் தலையைத் தடவி, "நீதான்டி ஜெயிச்ச" என்றாள்.

வருஷாவருஷம் ஐப்பசிக்காகக் காத்திருந்து கவாத்து செய்தவள் அவள். பங்குனி வெயிலில் வெட்டினால் செடி பிழைக்காது என்று அவளுக்கா தெரியாது?