உள்ளே இருக்கிறது போகக்கூடாது

டீவியில் விளையாடும் அந்த கேம் பெட்டியின் அடியில் நான்கு திருகாணிகள் இருந்தன. நான்கும் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருந்தன. அவற்றின் தலை பூப்போல நெளிந்திருந்ததால் லுணுகலைக் கடைகளில் கிடைத்த எந்த ஸ்குரூ டிரைவருக்கும் மசியவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. பதுளையில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். தீர்ந்துபோன பேனாவின் குழாயை மெழுகுவர்த்தியில் காட்டி, நுனி இளகியதும் திருகாணியின் தலைமேல் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்தத் தலைக்கென்றே அளவெடுத்த கருவி ஒன்று கிடைத்துவிடும் என்று கூடப் படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். முதல் இரண்டு பேனாக்கள் உள்ளேயே முறிந்தன. மூன்றாவது பேனா சுற்றியபோது, அருகில் நின்ற அம்மா, "ஒடச்சிறாத புள்ள," என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காக ஏன் அவ்வளவு கோபம் வந்ததென்று விளங்காமல் அடுத்த திருகாணிக்குப் போனேன்.

அம்மா சவூதிக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வருடம் போன பல பெண்களில் அவளும் ஒருத்தி. ரியாத்தில் ஒரு வீட்டில் சமைத்து, கழுவி, அந்த வீட்டுப் பெண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஏழு வருடம் இருந்தாள். என்னை அப்பாவின் அக்கா வளர்த்தாள். நான் பெரியவளான சடங்கின் படத்தைத்தான் அம்மாவுக்கு அனுப்பினோம். அவள் திரும்பி வந்தபோது அத்தையிடம் 'நீ' என்று பேசும் எனக்கு அம்மாவிடம் 'நீங்க' தவிர வேறு வரவில்லை. வந்த மறுநாள் என் தலையை வாரிவிட்டு, வகிட்டை இடது பக்கம் எடுத்தாள். நான் பிறந்ததிலிருந்து எனக்கு நடு வகிடு. யாருடைய தலை அவளுடைய கையில் இருந்ததென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முட்டையை அவித்து மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தட்டில் வைத்தாள். நான் முட்டையே சாப்பிடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

மற்றப் பெண்கள் கம்பளி, தங்கம், இரும்புப்பெட்டி போலக் கனக்கும் ரேடியோ என்று கொண்டுவந்தார்கள். அம்மாவும் கொஞ்சம் கொண்டுவந்தாள். அதோடு ஒரு குளியல் துவாயில் சுற்றி இந்தப் பெட்டியையும் கொண்டுவந்தாள். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சிரித்தார்கள். "இது என்னாத்துக்கு?" என்றார் அப்பா. "தூக்கிப் போடப் பாத்தாங்க. நாந்தான் கேட்டு வாங்குனேன்," என்றாள் அம்மா. அப்போதே அது பழைய சாமான். அதற்கு ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ், அதாவது மேலே சொருகும் தீப்பெட்டிக் கட்டு அளவிலான விளையாட்டு. கரண்ட் வயர் அறுந்திருந்தது. படம் வரும் வயர் எங்கள் டீவிக்குப் பொருந்தவில்லை. நான்கு வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அம்மா மாதத்துக்கொருமுறை தூசு தட்டிவிட்டு மறுபடி துவாயில் சுற்றி வைப்பாள்.

படிக்கப் போன இடத்தில் எனக்கு ஈயத்தை இளக்கிப் பிடிக்கும் ஒரு சோல்டரிங் அயனும் கொஞ்சம் திமிரும் கிடைத்தன. சனி, ஞாயிறுகளில் லயத்துக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவருவேன். பெட்டியைத் திறந்து, கரண்ட் வாங்கும் துளையை மாற்றிப் புதிதாக ஒன்றை ஈயம் வைத்துப் பிடித்தேன். உள்ளே இருக்கும் பச்சைப் பலகையில் படம் வெளியேறும் புள்ளியைத் தேடி, அங்கிருந்து மெல்லிய வயர் இழுத்து, டீவியின் மஞ்சள் துளைக்கு நேராகக் கொடுத்தேன். இரண்டு வாரம் கறுப்புத் திரைதான் வந்தது. மூன்றாம் வாரம் நீலக் கடலும் அதில் குட்டிக் குட்டித் தீவுகளும் ஒரு பீப்பீ இசையும் வந்தன. நான் துள்ளினேன். அம்மா துள்ளவில்லை. என் கையிலிருந்து பொத்தான் கட்டையை வாங்கி ஒருமுறை அமுக்கினாள். சேமித்துவைத்த ஆட்டங்களின் பக்கம் வந்தது. அதில் மூன்று வரிகள். முதல் வரியில் ஆங்கிலத்தில் சாரா என்றிருந்தது, பக்கத்தில் தாண்டிய தீவுக்கு ஒன்றாக மூன்று விளக்குகள் எரிந்தன. இரண்டாவது வரியில் பெயருக்குப் பதில் ஏ என்ற எழுத்தே நான்கு முறை இருந்தது, பக்கத்தில் வரி முட்ட விளக்குகள், கடைசி ஒன்று மட்டும் எரியவில்லை. மூன்றாவது வெறுமை. "இருக்கு," என்றாள் அம்மா. பிறகு அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாரா என்பது அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர். அது எனக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருக்க வழியே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா குளித்துவிட்டு வந்து பெட்டியைப் போடுவாள். அந்தப் பக்கம் வரும். பார்ப்பாள். அணைப்பாள். ஒருநாளும் விளையாடியதில்லை. அலுமாரிக் கண்ணாடியில் செருகிவைத்த படத்தைப் பார்க்கிற மாதிரி அவள் அதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. என் சடங்குப் படமும் அதே கண்ணாடியில்தான் இருந்தது. இரண்டாவது வரியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பிள்ளை முதல் ஆட்டத்தில் சலித்துப்போய், பெயர் எழுதச் சோம்பல்பட்டு, இன்னொன்றைத் தொடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமை பிடித்த கண்ணுக்கு முதல் வரிக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை போலும்.

கார்ட்ரிட்ஜுக்குள் நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். பெட்டியை அணைத்த பிறகும் சேமித்த ஆட்டத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். அது செத்தால் எல்லாம் அழிந்துவிடும். வகுப்பில் இதைத் தெரிந்துகொண்டு வந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி பாதிக்குமேல் களைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவளுடைய முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "அப்ப மாத்து. ஆனா உள்ள இருக்கிறது போகக்கூடாது," என்றாள். "முடிஞ்சவரைக்கும் பார்க்கிறேன்," என்றேன். "முடிஞ்சவரைக்கும் இல்ல புள்ள. போகக்கூடாது." எனக்காக அவள் அப்படி யாரிடமாவது கெஞ்சியிருப்பாளா என்று எண்ணினேன். இருபது வயதில் அப்படித்தான் எண்ண வரும்.

உள்ளே இருப்பதை இழக்காமல் மாற்ற வழி இருந்தது. புதிய பேட்டரியை இரண்டு வயர் மூலம் பலகையின் மறுபக்கத்தில் முதலில் சேர்க்க வேண்டும். அது ஊட்டிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்ற வேண்டும். பிறகு, இனி எப்போதும் ஈயம் இல்லாமலே மாற்றலாம் என்பதற்காக, பேட்டரி செருகும் ஒரு சின்னக் கூட்டை அங்கே பொருத்த வேண்டும். ஒரே ஒரு சிக்கல். புதிய பேட்டரியில் வயரை யாராவது விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் என் இரண்டு கையும் பலகையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா வீட்டில் இருப்பாள், பிடித்திருப்பாள். நான் சனிக்கிழமை செய்தேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். அப்பா உள்ளே தூங்கினார், அவரையும் எழுப்பவில்லை. டேப் ஒட்டினால் போதும் என்று முடிவு செய்தேன்.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில், வெளிச்சம் விழும் மூலையில், ஒரு பலகைமேல் வைத்துச் செய்தேன். வெளியே தூறல். புதியது சேர்ந்தது. பழைய பேட்டரியின் இரண்டு கால்களிலும் ஈயத்தை இளக்கி, அதை மெல்ல நெம்பித் தூக்கினேன். அது சுலபமாக வந்தது. அதே நேரம் அயனின் சூட்டில் டேப்பின் ஓரம் சுருண்டு, ஒரு வயர் பேட்டரியை விட்டு விலகியது. விலகியதை நான் பார்த்தேன். உடனே விரலால் அழுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கும், பலகையில் ஓரிரு நொடிக்கு மிச்ச உயிர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், அயனின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தேன். இரண்டு பக்கமும் துடைத்தேன். துடைத்து, அதைத் தாங்கியில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் வயரை அழுத்தினேன். அயனைக் கீழே வைக்குமுன் முனையைத் துடைக்க வேண்டும் என்பது வகுப்பில் கைக்கு ஏற்றிவிட்ட பழக்கம். பழக்கம்தான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

மாலை அம்மா வந்தாள். கால் கழுவும்போதே கருகல் வாசனை அவளுக்கு எட்டிவிட்டது. "மாத்திட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஈரக்கையோடு வந்து பெட்டியைப் போட்டாள். மூன்று வரியும் வெறுமையாக இருந்தன. "பழைய பேட்டரி முன்னாடியே செத்திருந்துச்சும்மா. நான் தொறக்கிறப்பவே ஒன்னும் இல்ல," என்றேன். பொய் வாயிலிருந்து அத்தனை ஒழுங்காக வந்தது எனக்கே ஆச்சரியம். அம்மா திரையைப் பார்த்தபடி, "மறுபடி வராதா?" என்றாள். "வராது." "சரி," என்றாள். அன்றைக்கு அவள் கோழிக்குத் தீனி போட்டாள், ரொட்டி சுட்டாள், என்னிடம் பஸ்ஸுக்குக் காசு இருக்கா என்று கேட்டாள். மறுநாள் ஞாயிறு. பெட்டியைப் போடாமல் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். நான் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. திருடிவிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்ததென்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்ல முடியாது.

இப்போது பதுளை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அதே அயன், அதே பஞ்சு. செத்த போனைக் கொண்டுவருகிறவர்கள் விலையைக் கேட்குமுன் கேட்பது ஒன்றைத்தான்: உள்ளே இருக்கிறது போய்விடுமா? போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு முன் கடைசியாக வந்த அக்கா அப்படித்தான் கேட்டார். செத்துப்போன வீட்டுக்காரரின் குரல் அதில் இருக்கிறதாம். "சத்தியம் பண்ண முடியாது அக்கா, ஆனா நான் தனியாச் செய்ய மாட்டேன், இன்னொரு ஆளையும் கூட வச்சிக்கிட்டுத்தான் செய்வேன்," என்றேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக் முடித்து, எனக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்த அம்மா, ஸ்டூலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முதலாளி ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். கையில் எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு அந்த பேட்டரி சாகல."

"எந்த பேட்டரி?"

"கேம் பெட்டியோடது. உசுரோடதான் இருந்துச்சு. என் கையிலதான் போச்சு. அழுத்திப் புடிச்சிருந்தா நின்னிருக்கும். வேணும்னு விட்டேனான்னு எனக்கே தெரியல."

அம்மா மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "வேணும்னு ஏன் விடணும்?"

"அந்தப் புள்ள பேரு இருந்துச்சே."

"சாரா பேரா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது போனா போகுது. மூணு தீவுக்கு மேல அது தாண்டல. ஆட்டத்துல ஆளு செத்தா அழும். கட்டைய என் கையில குடுத்துட்டு நீ வெளையாடுங்கும். ரெண்டாவதா இருந்துச்சே, அது என்னோடது."

தொடங்கும்போது பெட்டி பேர் எழுதச் சொல்லிக் கேட்டதாம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அமுக்கினாளாம், ஒரே எழுத்து வந்துகொண்டே இருந்ததாம். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும், கைதட்டும். எந்தத் தீவில் பாலம் உடையும், எந்தக் குகையில் வௌவால் வரும், எங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவ வேண்டும் என்றெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வாரக் கொழுந்துக் கணக்கைச் சொல்லவே அலுத்துக்கொள்கிறவள் அவள். கடைசித் தீவு ஒன்றுதான் மிச்சமாம். "அதையும் முடிச்சிட்டா அப்புறம் போட்டுப் பாக்க என்னா இருக்கு? அதான் தொடாம வச்சிருந்தேன்."

"இதெல்லாம் ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அம்மா ரொட்டியைப் பிய்த்தாள். சம்பலில் தொட்டாள்.

"என்னான்னு சொல்றது? பெத்த புள்ளைய விட்டுட்டுப் போயி, அங்க குந்திக்கிட்டு வெளையாண்டேன்னா?"

அம்மா வேறொரு பிள்ளையை நேசித்தாள் என்றால் மன்னிப்பதற்கு நான் பல வருடமாக ஆயத்தமாக இருந்தேன். அதற்கு எனக்கு வசனமே தயார். இதற்கு ஒன்றும் தயாராக இல்லை. நான் யாரை அழிக்க நினைத்தேனோ அவளை அழிக்கவில்லை. அம்மாவுக்கென்று அந்த ஏழு வருடத்தில் இருந்த ஒன்றே ஒன்றைத்தான் அழித்திருக்கிறேன். அதைச் செய்தது என் விரலா, என் பழக்கமா, நானா என்பது மட்டும் இப்போதும் அதே குழப்பத்தில் இருக்கிறது.

"சந்தோசமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு," என்றாள். சொல்லிவிட்டு, தப்பாக எதையோ ஒப்புக்கொண்டவள்போல என் முகத்தைப் பார்த்தாள்.

முதலாளி வந்து ஷட்டரை உயர்த்தினார். அம்மாவை லுணுகலை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தேன். பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது, புதிதாகத் தொடங்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "போடி," என்று சிரித்தாள். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். இத்தனை வருடத்துப் பொறாமை அன்றைக்குத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அம்மா விளையாடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சாரா பார்த்திருக்கிறாள்.