அண்ணன் எழுந்து நின்ற ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி அண்ணி கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைக்குப் பயந்து மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதிலும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் முடிச்சூரில் பிறந்தார். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் பத்தொன்பது வயதில் லேத் பட்டறையில் சேர்ந்தார். முப்பத்தைந்து வருடம் மெஷின் முன்னால் நின்றுகொண்டே வேலை பார்த்தார். என் கல்யாணமும் அம்மாவின் வைத்தியமும் அந்தக் கால்கள் நின்றதால் நடந்தவை. வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் அம்மாவைச் சுமந்து வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். என் வீடு அடுத்த தெரு.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிசியோதெரபி மேடம் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். நாற்காலியை விட்டு எழுந்து, எதையும் பிடிக்காமல் நிற்க வேண்டும். எத்தனை நொடி என்று எண்ணச் சொன்னார் மேடம். அண்ணன் எண்ணவில்லை. கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டு நின்றார். முதல் வாரம் முதல் வரியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதத்தில், பாதியில் இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் பெயர் வருமே, அதுவரை வந்தார்.

"இன்னாண்ணா, இன்னிக்கு எதுவரிக்கும்?" என்று கேட்பேன்.

"பிலாத்தாண்டயே நிக்கிறேம்மா. அந்தாளு வுட மாட்றான்" என்பார்.

அவருக்கு ஒரே ஆசை. ஞாயிறு ஆராதனையில் மற்றவர்களோடு எழுந்து, ஆமென் வரைக்கும் தன் காலில் நிற்க வேண்டும். எனக்கு ஒரே பயம், விழுந்துவிடுவார் என்று. இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான் என்று யாரோ சொன்னது என் காதை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போதகரிடம் கேட்டுக்கொண்டு ஆண்கள் பக்கத்தில் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் எழுந்ததும், தொளதொள சட்டைக்கு அடியில் கையை விட்டு அவருடைய பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு உணர்ச்சி குறைந்திருந்த இடது பக்கம் என்பதால் தெரியவில்லை. வீட்டில் பயிற்சியின்போதும் அப்படியே செய்தேன். அண்ணிக்கும் தெரியாது. அண்ணன் ஆமென் வரை நின்றார். போதகர் அதைப் பிரசங்கத்தில் சாட்சியாகவே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரும்பாக்கத்தில் என் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று நாள் போய்விட்டு வந்தேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"நீ இருந்தா ஆமென். நீ இல்லன்னா பிலாத்து. இன்னா மேட்டரு?"

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"இத்தினி நாளா நான் நிக்கலியா?"

"வுழுந்துட்டா இன்னாண்ணா பண்றது?"

"வுழுந்தா வுழுறேன். நீ தூக்கினா உன் கைக்குத்தான் பலம் ஏறும். என் காலுக்கு எப்படிம்மா ஏறும்?" வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "விசுவாசமும் அப்படித்தான். பல்லு வலிக்குதுன்னாகூட பாஸ்டருக்குப் போன் போட்டு ஜெபம் பண்ணச் சொல்றவ நீ. நீயா ஒரு நாள் முட்டி போட்டிருக்கியா?"

அண்ணி உள்ளேயிருந்து, "அவ முட்டி போட்டா, முட்டி வலிக்குதுன்னு அதுக்கும் போன் போடுவா" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இருந்தவரை அம்மாவின் ஜெபம், அப்புறம் அண்ணனின் ஜெபம் என்றுதான் நான் ஓட்டியிருந்தேன்.

மறுநாளே அண்ணன் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். என்னைப் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டார். ஞாயிறுதோறும் எல்லோரும் நிற்கும்போது அவர் மட்டும் பாதியில் உட்கார்ந்தார். "போன மாசம் நல்லாத்தானே நின்னாரு, மறுபடி மோசமாயிட்டாரே" என்று சபையார் உங்களில் பலர் வருத்தப்பட்டீர்கள். அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஞாயிறு அதுதான் என்று எங்களுக்குத் தெரியாது. அன்று பிலாத்துவைத் தாண்டிவிட்டார். உடனே உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பிரமாணம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, பார்த்துக்கோங்க" என்று மட்டும் வந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அண்ணனும்தான். நின்று முடித்தாரா, நடுவில் உட்கார்ந்தாரா? அவரிடமே கேட்கப் பயம். இல்லை என்று சொல்லிவிட்டால்? நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். புதன்கிழமை காலை நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த சிலர், இந்த நிலையில் அவருக்குப் பயிற்சி தேவையா என்று கேட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் என் மனம் அதையே போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறது.

கடைசிவரை சலிக்காமல் வந்த பிசியோதெரபி மேடத்துக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபோது சாப்பாடு கொண்டுவந்த கீழ்வீட்டாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அந்த ஞாயிறு அண்ணனுக்குப் பக்கத்தில் நின்ற ரிட்டயர்டு வாத்தியார் ஐயா. போன மாதம்தான் எனக்கு அவரிடம் கேட்கத் தைரியம் வந்தது. ஆறுதலுக்காக எதுவும் சொல்லாதீங்க ஐயா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

"ரெண்டு வாட்டி ஆடினாரும்மா" என்றார். "நான் கைய நீட்டினேன். வேணாம்னு தலையாட்டிட்டாரு. ஆமென் சொல்லிட்டுத்தான் உக்காந்தாரு."

ஐயா, நீங்கள் கையை நீட்டியதற்கும், பிடிக்காமல் விட்டதற்கும் நன்றி.