என் தம்பி இருந்த ஊரை அம்மன் காட்டினாள்

என் தம்பி எந்த ஊரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியவில்லை. போன வருஷம் ஆடி மாதம் முழுக்க என் நிலைமை அதுதான். அதைத்தான் அம்மன் பிள்ளைகளான உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பரமேஸ்வரி. பண்டார் தெங்காராவில் இருக்கிறேன், தமிழ்ப்பள்ளிக் கண்டீனில் சமைக்கிறேன். நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் என் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், என் சத்தம் தெரியாதவர்கள் இருக்க முடியாது. எனக்கு மெதுவாகப் பேச வராது. சாமியிடமும் அப்படித்தான்.

தம்பி பெயர் குமரன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தது நான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "தம்பியும் கூட வருவான், சம்மதம்னா காப்பி குடிங்க" என்று சொன்னவள். என் வீட்டுக்காரர் காப்பி குடித்தார்.

குமரன் தெப்ராவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலை முடிந்து வந்தாலும் கம்ப்யூட்டர்தான். நம் மலேசியத் தமிழர்கள் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசிக்கொள்கிற ஒரு குழு இணையத்தில் இருக்கிறது. அங்கே கேள்வி கேட்கிறவர் முதல் வரியில் தன் ஊரைப் போட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் யாராவது உதிரிப் பாகம் கொண்டுபோய்க் கொடுக்க அது உதவும். அடுத்தது, பழுதான மெஷினின் படம். படம் இருட்டாக இருந்தால், "வெளிச்சத்துல வச்சு எடுங்க லா" என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். அந்தக் குழுவில் அதிகம் பதில் சொன்னது என் தம்பிதான். யாருக்குப் பதில் எழுதினாலும், "பயப்படாதீங்க, கம்ப்யூட்டர் இன்னும் சாகல" என்றுதான் ஆரம்பிப்பான். டாக்டருக்குப் படித்திருக்கலாமே என்று நான் கிண்டல் செய்வேன்.

தைப்பூசம் முடிந்த கையோடு அவன் வேலை போனது. தொழிற்சாலையில் அவன் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது ஜொகூரில் திரும்பிய பக்கமெல்லாம் டேட்டா சென்டர் கட்டுகிறார்கள், அங்கே எப்படியாவது நுழைந்துவிடலாம் என்று பார்த்தான். எங்கிருந்தும் பதில் வரவில்லை. எத்தனையோ பேருக்கு வழி சொன்னவன், முதல்முறையாகத் தனக்கு வழி கேட்டுக் குழுவில் எழுதினான்.

பதில் சொன்னவர் பெயர் செல்வா. குழுவில் எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். குமரனாலேயே கண்டுபிடிக்க முடியாத பழுதை அவர் ஒருமுறை படத்தைப் பார்த்தே சொன்னாராம். அந்தக் குழுவில் ஆளை எடைபோடுவது அப்படித்தான். மெஷினைப் பற்றிச் சரியாகச் சொல்கிறவர் எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். செல்வா அவனுக்கு வேலை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். நேர்காணலுக்குப் போனிலேயே பழக்கினார். கடைசியில், தாய்லாந்தில் சர்வர் பராமரிக்கிற வேலை, உடனே கிளம்பு என்றார்.

"யாருடா அவரு? முகத்தையாவது பாத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"அக்கா, அவர் சொன்ன ஒரு பதில்கூட இதுவரைக்கும் தப்பானதில்ல. சும்மா பயந்துகிட்டே இருக்காதக்கா."

போனான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு, வேலை அதிகம், பிறகு பேசுகிறேன் என்று இரண்டொரு செய்தி. முகம் காட்டிப் பேசவே இல்லை. ஒரு மத்தியானம் நான் கண்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, இங்க வேலையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. எல்லை தாண்டிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஜனங்கள ஏமாத்திக் காசு பிடுங்கச் சொல்றாங்க. மாட்டேன்னா அடிக்கிறாங்க. இது எந்த ஊருன்னா..."

அதோடு துண்டித்துவிட்டார்கள். நான் ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போலீசில் புகார் கொடுத்தோம். அந்த மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். எல்லைக்கு அப்பால் இப்படிப்பட்ட கட்டடங்கள் நிறைய இருக்கின்றன, எங்கே என்று தெரிந்தால்தான் அந்த நாட்டுப் போலீசிடம் பேச முடியும் என்றார். ஏதாவது தகவல் கிடைத்தால் உடனே வரச் சொன்னார். எனக்கு எங்கிருந்து தகவல் கிடைக்கும்? என் உலகம் கண்டீனும் கோயிலும்தான்.

அந்தக் குழுவை நடத்துகிற நூர்ஜஹான் தெப்ராவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்து அவரைத் தேடிப் போனேன். செல்வாவின் முகவரி அவரிடமும் இல்லை. அந்தப் படுபாவி அப்போதும் குழுவில்தான் இருந்தான், யாருக்கோ வேலைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைக் குழுவிலேயே நாறடிக்கிறேன் என்று போனை எடுத்தேன். நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரமுக்கா, வேணாம்க்கா. நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா தம்பியத்தான் அடிப்பாங்க. அவன்கிட்ட மாட்டப் போற பிள்ளைங்களுக்கு நான் தனித்தனியா போன் போட்டுச் சொல்லிக்கிறேன்."

அதன் பிறகு சோறு இறங்கவில்லை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தக் குழுவில் குமரன் முன்பு எழுதிய பதில்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. யாரோ ஒருத்தருக்கு அவன் பொறுமையாகச் சொல்வதைப் படித்தால் அவன் குரல் கேட்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் விளக்கு எரிகிறது, திரையில் படம் வரவில்லை என்ற கேள்விக்குத்தான் அவன் அதிகமாகப் பதில் எழுதியிருந்தான். ரேம் என்கிற பட்டையைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடச் சொல்வான். படித்துப் படித்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அம்மன் எதிரே போய் நின்றேன். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை.

"ஏம்மா, உனக்குக் கண்ணு இருக்கா? எங்கம்மா உன் வாசலக் கூட்டினவ. நான் உனக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுக்குறவ. இன்னிக்கி உங்கிட்ட பேரம் பேச வரல. அவனக் கொண்டாந்து குடுன்னுகூடக் கேக்கல. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. ஊரச் சொல்லு, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன். சொல்ல முடியலன்னா நீ எதுக்கு இங்க உக்காந்திருக்க?"

பூசாரி ஓடி வந்தார். "அம்மா, மெதுவா. ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்றேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அங்கேயே விழுந்து, என் வாய்க்காகத் தம்பியைத் தண்டித்துவிடாதே தாயே என்று அழுதேன். கோபமும் பயமும் சேர்ந்தே இருந்தன. அன்று நான் வேண்டியது அவ்வளவுதான். ஒரு ஊர்ப்பெயர்.

வீட்டுக்கு வந்து சாயந்திரம் குழுவைத் திறந்தேன். புதிய பெயரில் ஒருவர் கேள்வி போட்டிருந்தார். முதல் வரி: "ஊர்: பண்டார் தெங்காரா."

நம் ஊர். நம் ஊரில் யார் இது என்று மேலே படித்தேன். கம்ப்யூட்டரில் விளக்கு எரிகிறது, திரையில் படம் வரவில்லை, என்ன செய்வது என்று இருந்தது. கடைசி வரி இப்படி: "யாராவது பயப்படாதீங்கன்னு சொல்லுங்க."

அது என் குமரனின் வார்த்தை. கீழே ஒருவர், "அலமாக், இதுகூடத் தெரியாதா? ரேமக் கழட்டித் துடைங்க லா" என்று எழுதியிருந்தார். அவன் ஊருக்கே சொல்லிக்கொடுத்த பதில் அது. அதை அவன் கேட்கிறான் என்றால் அவனுக்குத் தேவை பதில் இல்லை. படத்தைப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. திறந்து கிடந்த ஒரு கம்ப்யூட்டர், அதன் பின்னால் கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலில் மலை மாதிரி ஏதோ ஒரு நிழல். பண்டார் தெங்காராவில் எந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் செம்பனை மரம்தான் தெரியும்.

நூர்ஜஹானுக்கு போன் போட்டேன். அவரும் அந்தக் கேள்வியை அப்போதுதான் பார்த்திருந்தார்.

"கத்திடாதீங்கக்கா. செல்வா பாத்துக்கிட்டு இருப்பான். எப்பவும் எழுதுற மாதிரிதான் நாம எழுதணும். என்ன எழுதலாம், சொல்லுங்க."

என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் தன் பெயரில் எழுதினார். பயப்படாதீங்க, கம்ப்யூட்டர் இன்னும் சாகல. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்க. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். அதன் கீழே நூர்ஜஹான் ஒன்றைச் சேர்த்தார். படம் இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல வச்சு இன்னொரு படம் எடுத்துப் போடுங்க.

அந்தக் குழுவில் தினமும் யாராவது கேட்கிற விஷயம் அது. யாருக்கும் சந்தேகம் வராது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். தாயே, தாயே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

இன்னொரு படம் வந்தது. கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரமாகத் தூக்கி வைத்து எடுத்திருந்தான். கம்பிக்கு வெளியே ஒரு சாலை, சாலைக்கு எதிரே ஒரு ஹோட்டல். அதன் பலகையில் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் இருந்தன. சொன்னால் நம்புங்கள், நான் எழுந்து நின்று அந்தப் படத்தைக் கும்பிட்டேன்.

அன்றைக்கே அந்தப் படம் அதிகாரியின் கைக்குப் போனது. அவர் மேலிடத்துக்கு அனுப்பினார். ஆனால் உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆவணி பிறந்தது, புரட்டாசி வந்தது. குழுவில் அந்தப் புதிய பெயரில் வேறு எதுவும் வரவில்லை. ஊரைச் சொன்னவள் இப்போது ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று மறுபடியும் கோயிலில் போய்ச் சண்டை போட்டேன். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசியது நான்தானே? என் கையில் என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. அதையும் அவளிடமே ஒப்புக்கொண்டேன். நூர்ஜஹான் தினமும் போன் போட்டு, "நானும் துஆ கேக்குறேன்க்கா, பசியாறுங்க" என்பார். இரண்டு பேரும் வேறு வேறு வாசலில் நின்று ஒரே பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

புரட்டாசி முடியும்போது அதிகாரி கூப்பிட்டார். அந்தக் கட்டடத்தில் சோதனை நடந்திருக்கிறது, மீட்கப்பட்டவர்களில் உங்கள் தம்பி பெயர் இருக்கிறது என்றார். விமான நிலையத்தில் அவனைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தான். இடது காதில் அடித்ததில் அந்தப் பக்கம் கேட்கவில்லை. நான் அழுதது அவனுக்குச் சரியாகக் கேட்டதோ என்னவோ, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டி, "அக்கா, பசியாறிட்டியா?" என்று கேட்டான்.

அடித்தும் சொன்னதைச் செய்யாததால் அவனை அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போட்டிருந்தார்களாம். ஒரு மெஷின் படுத்துவிட்டது, குழுவில் கேட்டால்தான் சரியாகும் என்று சொல்லி ஒரு போன் வாங்கியிருக்கிறான். பக்கத்திலேயே ஒருவன் நின்று, எழுதியதை மொழிமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அதனால் இருக்கிற ஊரை எழுத முடியாமல் நம் ஊரைப் போட்டிருக்கிறான். "நம்ம ஊரப் போட்டா நீ பாப்பேன்னு தோணுச்சுக்கா" என்றான்.

அம்மன் செய்தாளா, இணையம் செய்ததா என்று சிலர் என்னைக் கேட்கிறார்கள். கேட்டு நின்ற அன்றைக்கே பதில் வந்தது. இதற்கு மேல் நான் யாரிடம் போய் விளக்கம் கேட்பேன்? நன்றி சொல்லவே எனக்கு நேரம் போதவில்லை.

செல்வா இன்னும் பிடிபடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டு எங்கோ இருக்கிறான். இப்போது குழுவில் வெளிநாட்டு வேலை என்று யாராவது எழுதினால் நூர்ஜஹான் அந்தப் பிள்ளையின் எண்ணை எனக்கு அனுப்புகிறார். நான் கூப்பிட்டு, "தம்பி, வீட்ல அம்மாவோ அக்காவோ இருக்காங்களா? போன அவங்ககிட்ட குடு" என்பேன். சிலர் திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். மறுபடியும் கூப்பிடுவேன். என்னிடம் சத்தத்துக்குப் பஞ்சமா?

ஆனால் என் மனம் இன்னும் ஆறவில்லை. குமரனோடு அங்கே இருந்த ஒரு பெண்ணைச் சோதனைக்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவளுடைய அம்மா யோங் பெங்கில் இருக்கிறார். போன வாரம் மத்தியானம் கூப்பிட்டார். மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று தம்பியிடம் கேட்க வேண்டுமாம்.

"தம்பி எங்க இருக்காரும்மா?" என்று கேட்டார்.

"உள்ள தூங்குறான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு பெரிய வரம் என்று எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் அவர் விசும்புவது கேட்டது. நானும் அழுதேன். அவர் மகள் எங்கே என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒரு பதிலும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாவை நம் கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள், நம் தாய் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை. அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எல்லாரும் சேர்ந்து கேட்போம்.