பனிக்கடலுக்குப் போன அந்தோனியண்ணை

தென்துருவப் பயணத்துக்குப் பயணிகள் கப்பலில் ஏறிக்கொண்டிருந்த காலையில்தான் கொழும்பிலிருந்து அக்காவின் தொலைபேசி துறைமுக அலுவலகத்துக்கு வந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் கரம்பொன் ஊர் அந்தோனியண்ணையை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்றார். அன்றும் கப்பல் புறப்பட்டது. நானும் போனேன்.

எங்களோடு அந்தக் கப்பலில் வேலைசெய்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலிலிருந்து பயணிகளைப் பனிக்கரைக்கு ஏற்றிப்போகும் றப்பர் படகை ஓட்டியவர் அவர். நயினாதீவிலிருந்து போன எனக்குக் குசினியில் சமையல் வேலை எடுத்துத் தந்தவரும் அவரே. ஆள் குறைந்தால் படகிலும் உதவிக்குக் கூட்டிப்போவார். பொல்லாத கோபக்காரர். பென்குயினைத் தொட்டுப் பார்க்க நான் கையுறையைக் கழற்றியபோது பயணிகள் முன்னாலேயே அறைந்தார். "விரல் போனால் எதாலை சோறு தின்னுவீர்?"

ஒருநாள் பனிமலையின் முகப்பு உடைந்து கடலில் விழுந்தது. எழும்பிய அலையில் படகு சரிய, நானும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரும் தண்ணீருக்குள் போனோம். குளிரில் மூச்சு வரவில்லை. பயத்தில் கிழவர் என் கழுத்தைப் பிடித்து அமுக்கினார். அந்தோனியண்ணை குனிந்து அவர் முகத்தில் ஓங்கிக் குத்தினார். மூக்கு உடைந்தது, பிடி விட்டது. இருவரையும் இழுத்துப் படகில் போட்டார்.

மன்னிப்புக் கேட்கும்படி கப்டன் கட்டளையிட்டார். அண்ணை என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, "மூக்குக்கு மன்னிப்புக் கேக்கிறன். குத்தினதுக்கு இல்லை" என்றார். கிழவர் கடைசிவரை அவரோடு பேசவில்லை.

பல மாதம் கழித்துக் கொழும்பில் அந்தோனியண்ணையின் மனைவியைக் கண்டேன். இராணுவத்துக்குப் பயந்து ஊர் ஓடியபோது மனைவிக்குக் கால் முறிந்திருந்ததாம். அதனால் விடுமுறையில் வந்திருந்த அண்ணையும் போகவில்லை. துவக்கோடு வந்த இராணுவத்தினர் அலுமாரியைக் கிளறினார்கள். கப்பலில் கொடுத்த தடித்த சிவப்பு ஜக்கெற் அகப்பட்டது. இந்த வெயில் ஊரில் இது எதற்கு, எந்த இயக்கம் தந்தது என்று கேட்டார்கள். அண்ணை பனிக்கடல் படங்களைக் காட்டினார். அவர்கள் சிரித்துவிட்டு அவற்றைக் கொளுத்தினார்கள். பிறகு ஜக்கெற்றை அவருக்கு மாட்டி, முற்றத்து வெயிலில் முழங்காலில் இருத்தித் துவக்குப் பிடியால் அடித்தார்கள். தான் கப்பல்காரன், பனிக்கடலுக்குப் போகிறவன் என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பல்லெல்லாம் உடைந்த பிறகும் அதையேதான் சொன்னாராம்.

"உள்ளுக்குப் போ, பாராதை எண்டவர்," என்றார் மனைவி. "நான் போகேல்லை. முழுக்கப் பாத்தனான்."

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் இழுத்தெடுத்துத் தந்த உயிர் இருக்கிறது. அந்தப் பெண் தனியாகப் பார்த்ததும் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் மறக்கப்போவதில்லை.