தானாகப் பெரிதான எழுத்து

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் பாகூர் பக்கம் என் உரக்கடைக்கு இணையான கடை கிடையாது. கடைக் கம்ப்யூட்டரை, பிரான்சில் இருக்கும் என் மகள், தானும் அங்கிருந்தே பார்த்து இயக்கும்படி ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கிறாள். போனை வைத்துவிட்டால் அவளுக்குத் திரை தெரியாது என்று நினைத்திருந்தேன்.

கண் மங்கிவருவதை அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் பேசி முடித்துப் போனை வைத்தபின், பில் பட்டனைத் தேடி மவுஸ் அம்பை எங்கெங்கோ அலையவிட்டேன். திடீரென எழுத்தெல்லாம் தானாகப் பெரிதானது. திருடன் புகுந்துவிட்டான் என்று பதறி ஒயரைப் பிடுங்கப் போனேன். அதற்குள் போன் அடித்தது.

“நான்தாம்பா! கண்ணு தெரிலன்னா சொல்ல மாட்டியா? இன்னா வீறாப்பு ஒனக்கு!”

அவளே வந்து கூட இருந்து புரை ஆபரேஷன் செய்யவைத்தாள். இப்போதெல்லாம் முடியாததை முடியவில்லை என்றே அவளிடம் சொல்லிவிடுகிறேன். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. அவள் பெரிதாக்கிய எழுத்தை மட்டும் நான் சிறிதாக்கவில்லை.