முதுகுப்பையைப் பார்க்கக் காக்கிநாடா போனோம்

ஹைதராபாத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை, கடல்தான் கிடையாது. அதனால், காக்கிநாடா கடற்கரையில் ராணுவம் தரையிறங்கும் பயிற்சி நடக்கிறது, மக்கள் தள்ளி நின்று பார்க்கலாம் என்று போன மாதம் கேள்விப்பட்டதும் டிக்கெட் போட்டுவிட்டேன். திருமுல்கேரியில் என் கீழ்வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி அங்கிள். எழுபத்தைந்து வயது, செகந்திராபாத் ரயில்வே குடும்பத்துத் தமிழர். "நானும் வர்றேம்மா" என்றார். 1971 போரில் சிப்பாயாகக் கப்பலிலிருந்து கடலில் குதித்துக் கரையேறியவர். அதற்கப்புறம் கடலில் கால் நனைத்ததே இல்லையாம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

செகந்திராபாத்தில் இரவு எட்டே முக்காலுக்கு ரயில். ஸ்லீப்பர் ஆளுக்கு 350 ரூபாய். காலை ஏழரைக்குக் காக்கிநாடா. இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர், 200 ரூபாய்.

"டீ குடிக்கலாமா அங்கிள்?"

"நக்கோம்மா, டீ வேணாம். முதல்ல இடம் பிடி."

பத்தே காலுக்கு, கரையோரம் வந்து நின்ற கப்பலின் முன்கதவு திறந்தது. வீரர்கள் மார்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வரிசை குலையாமல் வந்தார்கள். அலையில் ஒருவர் சாய்ந்தால் பக்கத்தில் வந்தவர் தோள் கொடுத்தார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கைதட்டித் தட்டியே உள்ளங்கை சிவந்தது. அங்கிள் தட்டவில்லை. என் பைனாகுலரைப் பிடுங்கி அவர்களுடைய முதுகுப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோசப்பு பையை நான்தாம்மா கட்டுனேன்," என்றார் திடீரென்று. "எங்க காலனிப் பையன். தரையில மார்ச் போறப்ப கட்ற மாதிரி, அவுந்துடக் கூடாதுன்னு டபுள் முடிச்சு. கடலைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? குதிச்சோம், கால் எட்டல. பை அவனை உள்ள இழுத்துடுச்சு. அந்த முடிச்சை அவனால அவுக்க முடியல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குத் தடுப்புக் கயிற்றை எடுத்து எங்களை உள்ளே விட்டார்கள். ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அங்கிள் நேராக ஒரு வீரரிடம் போய், பையை இப்போது எப்படிக் கட்டுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். "நீங்களே இழுங்க சாப்," என்று அந்த வீரர் தன் தோளிலிருந்த ஒரு பட்டையைக் காட்டினார். அங்கிள் இழுத்தார். மொத்தப் பையும் கழன்று மணலில் விழுந்தது.

"ஒரு இழுப்புதானா?" என்று என்னைப் பார்த்தார். மறுபடி மாட்டச் சொல்லி இழுத்தார். மூன்றாம் முறையும் அந்த வீரர் முகம் சுளிக்காமல் மாட்டிக்கொண்டு நின்றார். கப்பலை விட எனக்கு அவர்தான் பெரிதாகத் தெரிந்தார்.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் அவசியம். திரும்ப இரவு எட்டு மணிக்கு ரயில் இருக்கிறது. மாற்றுத்துணி மறக்காதீர்கள், நாங்கள் கொண்டுபோகவில்லை. அன்று கிளம்பலாம் என்று திரும்பினால், அங்கிள் செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கத்திக் கூப்பிட்டேன்.

"ஹவ், ஹவ், சரி, வர்றேன். ஜோசப்புகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேம்மா."